ஷோடானில் இருந்து கேமராவை நீக்க 9,000 ரூபாயா?

கேள்வி: தொண்டி பக்கம் நண்டு கம்பெனி வைத்திருக்கிறோம். அவித்த நண்டில் சதை எடுக்க முப்பது பெண்கள் வருகிறார்கள். நாலு கேமரா, அவற்றைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று. என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருந்து போனில் பார்ப்பார். போன வாரம் ஒருவர் லேப்டாப்புடன் வந்து, "உங்க கேமரா ஷோடான்னு ஒரு தளத்துல உலகத்துக்கே தெரியுது" என்று ஏதோ ஒரு கூடத்தின் படத்தைக் காட்டினார். அதை நீக்க 9,000 ரூபாய், அப்புறம் வருடா வருடம் 3,000 கேட்கிறார். வேலைக்கு வரும் பெண்களும் கேள்விப்பட்டுப் பயப்படுகிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள். ஆனால் கேமரா விஷயத்தை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

ஷோடான் உண்மையான தளம்தான். ஜான் மாதர்லி என்பவர் 2009-இல் தொடங்கியது. கூகுள் இணையப் பக்கங்களைத் தேடுகிறது. ஷோடான் இணையத்தில் நேரடியாக எட்டிவிட முடிகிற கருவிகளைத் தேடுகிறது. தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு கதவையும் தட்டி, உள்ளே இருந்து என்ன குரல் வருகிறது என்று எழுதிக்கொண்டு போகும் ஆளைப் போலத்தான் அதன் வேலை. "நான் இன்ன கம்பெனி டிவிஆர், இன்ன மாடல்" என்று உங்கள் பெட்டி பதில் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளும். பாஸ்வேர்டை உடைத்து உள்ளே போகாது. பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்தால் மட்டும் ஒரு படத்தை எடுத்து வைக்கும்.

அதனால் "ஷோடானில் இருந்து நீக்குகிறேன்" என்பது வெறும் பேச்சு. ஷோடான் வாரத்துக்கு ஒரு முறையாவது இணையம் முழுவதையும் சுற்றிவருகிறது. உங்கள் பக்கம் வழியை அடைத்துவிட்டால் பழைய பதிவு தானாகவே காலாவதியாகிவிடும். அடைக்காமல் பதிவை மட்டும் நீக்கிப் பயனில்லை. சென்சிஸ், ஜூம்ஐ என்று இதே வேலையைச் செய்யும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. தளமே தேவையில்லை: நல்ல வேகமான இணைப்பு இருந்தால் ஒரே கம்ப்யூட்டரில் சுமார் 45 நிமிடத்தில் உலகத்தின் பழைய வகை ஐபி முகவரிகள் (ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் உள்ள எண்) அத்தனையையும் தட்டிப்பார்க்கலாம் என்று 2013-இலேயே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்துகாட்டிவிட்டார்கள்.

அவர் காட்டிய படம் உங்கள் கூடம்தானா? "ஏதோ ஒரு கூடம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஷோடான் ஊரைக் கணிப்பது ஐபி முகவரியை வைத்து. தொண்டியில் இருக்கும் இணைப்பு மதுரை என்றோ சென்னை என்றோ காட்டுவது சாதாரணம். எங்கேயோ திறந்து கிடக்கும் ஒரு கிடங்கின் படத்தைக் காட்டி, இது உங்களுடையது என்று சொல்லிவிடலாம். ஒருவேளை அது உங்கள் கூடமே என்றால், ஷோடான் எடுத்து வைத்த படமாக இருக்கலாம்; இல்லாவிட்டால் அவரே அனுமதி இல்லாமல் உங்கள் கருவிக்குள் நுழைந்து, அதைக் காட்டிப் பணம் கேட்டிருக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி, மோசடி நோக்கத்தோடு அப்படி நுழைவதற்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் உண்டு. அடுத்த முறை வந்தால் அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, சைபர் கிரைம் போலீசில் எழுதிக் கொடுங்கள்.

நீங்களே பார்த்துவிடலாம். கம்பெனி வைஃபையில் போனை இணைத்து, "என் ஐபி என்ன" என்று கூகுளில் கேளுங்கள். பழைய வகை முகவரி என்றால் புள்ளி வைத்த நாலு எண்கள் வரும். அதை ஷோடானின் தேடல் பெட்டியில் போடுங்கள். இதற்குக் காசு இல்லை. ஒன்றும் வராவிட்டால் நல்லது. உங்கள் டிவிஆர் கம்பெனியின் பெயரோ, 554, 8000, 37777 போன்ற போர்ட் எண்களோ (கருவிக்குள் போகும் கதவு எண்கள்) வந்தால் வழி திறந்திருக்கிறது. சில இணைப்புகளில் இந்த முகவரி அவ்வப்போது மாறும். அதனால் அன்றைக்கு ஒரு முறை பார்த்ததோடு விடாமல், சில நாள் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

ஒரு விதிவிலக்கை நான் விளக்கியே ஆகவேண்டும், ஏனென்றால் கடற்கரைப் பக்கம் பாதிப் பேர் இதில்தான் இருக்கிறீர்கள். ஃபைபர் வராத இடங்களில் சிம் போட்ட ரவுட்டர்தான் ஓடுகிறது. சிம் இணைப்பில் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். அப்போது வெளியில் இருந்து உங்கள் டிவிஆரை நேராகத் தட்டவே முடியாது. இதைச் சோதிக்க ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வேன் ஐபி (WAN IP) என்ற இடத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 10-இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரை இருந்தாலோ, கூகுள் காட்டிய எண்ணோடு ஒத்துப்போகாது. சிம் ரவுட்டரில் இப்படி ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் நீங்கள் பங்கு முகவரியில் இருக்கிறீர்கள். ஷோடானில் அந்த எண்ணைப் போட்டு என்ன வந்தாலும் அது உங்களுடையது என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்திலும் வந்து 9,000 கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஐபிவி6 என்ற புது வகை முகவரி சிம்மிலும் வருகிறதே என்று யாராவது குழப்புவார்கள். அந்த முகவரிகளின் எண்ணிக்கை மிகப் பெரிது. ஒவ்வொன்றாகத் தட்டித் தேட யாராலும் ஆகாது. வெளியில் இருந்து தட்டுவதைத் தடுக்கும் ஃபயர்வால் ரவுட்டரில் ஆன் செய்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் என்றால், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (சில மாடலில் விர்ச்சுவல் சர்வர் என்று இருக்கும்) பக்கத்தில் உள்ள வரிகளை அழியுங்கள். யுபிஎன்பி (UPnP) என்ற வசதியை ஆஃப் செய்யுங்கள். டிவிஆர் நமக்குத் தெரியாமல் தானாகவே வழி திறந்துகொள்வது அதன் மூலமாகத்தான். உங்கள் வீட்டுக்காரர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஆப்பில் சேர்த்திருந்தால் இதற்கப்புறமும் ஷார்ஜாவில் படம் தெரியும். ஐபி எண்ணைப் போட்டுப் பார்ப்பவர் என்றால் படம் நின்றுவிடும்; கியூஆர் முறைக்கு மாறச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன்: கேமரா மாட்டிக் கொடுத்தவர். இந்த வழிகளைத் திறந்து வைத்தவர் பெரும்பாலும் அவர்தான். அட்மின் பாஸ்வேர்டை உங்களிடம் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அது 12345-ஆ, அவருடைய கடைப் பெயரும் 123-மா? அவர் மாட்டிய எல்லாக் கடைக்கும் அதே பாஸ்வேர்டாக இருந்தால், ஒரு கடையில் தெரிந்தது பத்துக் கடைக்கும் தெரியும். 2016-இல் மிராய் என்ற வைரஸ் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி அவற்றை ஏவித்தான் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் பல மணி நேரம் திணறவைத்தார்கள். உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடித்து, படம் வரவில்லை என்று ஆளைக் கூப்பிடுவீர்கள். அவர் டிவிஆரை ரீசெட் செய்துவிட்டுப் போவார். அதோடு நீங்கள் வைத்த பாஸ்வேர்டு போய்ப் பழையது வந்து உட்காரும். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் பாஸ்வேர்டை நீங்களே, உங்கள் கையால், மாற்றுங்கள். டிவிஆரின் யூசர் பட்டியலையும் பார்த்து, தெரியாத பெயரை நீக்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய செகண்ட் ஹேண்ட் பெட்டியை அவர் தள்ளிவிட்டால் வாங்காதீர்கள். சில பழைய பெட்டிகளில், திரையில் பாஸ்வேர்டை மாற்றினாலும் உள்ளே மாற்ற முடியாத இன்னொன்று இருந்தது.

இதையெல்லாம் நண்டு கம்பெனி நடத்தும் ஒருவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கே கோபம் வருகிறது. கேமரா வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி வைப்பது என்று தமிழில் ஒரு பக்கம் கொடுக்க ஆளில்லை. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சேர்ட்-இன் (CERT-In) விடும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. இணைப்புக் கொடுக்கும் கம்பெனி ரவுட்டரின் பாஸ்வேர்டையே கொடுப்பதில்லை. கேட்டால் டெக்னீஷியன் வருவார் என்கிறது. கேமராக்களைப் பாதுகாப்புச் சோதனை செய்துதான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே சுவரில் தொங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அப்புறம் அந்தப் பெண்கள். சதை எடுக்கும் மேசையைப் பார்க்கும் கேமரா இருக்கட்டும். ஏப்ரன் மாட்டும், உடை மாற்றும் இடத்தையோ, கழிவறை வாசலையோ எதுவும் பார்த்தால் அதை இன்றைக்கே கழற்றுங்கள். ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதம் இல்லாமல் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவில் குற்றம். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு அவர்களைக் கூப்பிட்டு, நாலு கேமராவிலும் என்ன தெரிகிறது என்று டிவிஆர் திரையிலேயே காட்டுங்கள். யார் யார் போனில் பார்க்க முடியும் என்பதையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பார்ப்பது வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், மேசைக் கேமராவை அவருடைய ஆப்பில் இருந்து எடுத்துவிட்டு, குளிர் அறையும் வாசலும் மட்டும் தெரியும்படி டிவிஆரில் அவருக்குத் தனி யூசர் போட்டுக் கொடுங்கள்.