அழுவதும் அழுகுவதும்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடம் படுக்கையில் இருந்த அம்மா சித்திரையில் போய்விட்டார். அதன்பிறகு வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கலைப் படித்தேன். துன்பத்தில்தான் வாழ்க்கையின் அர்த்தம் இருக்கிறது என்று புரிந்தது. வயிற்றுப் புண்ணுக்குக்கூட மருந்து எடுக்காமல் தாங்கிப் பார்க்கிறேன். மரணம், தனிமை போன்ற வாழ்வின் அடிப்படைக் கவலைகளை முன்வைத்துச் செய்யும் இருத்தலியல் உளச்சிகிச்சை கற்க ஆசை. அடுத்து அதைப் பற்றி எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் யாலோமைப் படிக்கலாமா?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

மூன்று வருடம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த கைகளுக்கு என் வணக்கம். யாலோமைப் படியுங்கள். 1980இல் வந்த தடித்த புத்தகம். மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை என்று நான்கைப் பிடித்துக்கொண்டு போவார். அவசரமில்லை.

ஆனால் அந்த வயிற்றுப் புண்! என்ன விசர் வேலை இது? பிராங்கல் நாஜி முகாம்களில் பெற்றோரையும் மனைவியையும் சகோதரனையும் இழந்தவர். அவரே துன்பம் கட்டாயம் வேண்டும் என்று சொல்லவில்லை. செய்யும் வேலையிலும் அர்த்தம் கிடைக்கும், அன்பிலும் கிடைக்கும், தவிர்க்கவே முடியாத துன்பம் வந்தால் அதிலும் கிடைக்கும் என்றார். நீக்கக்கூடிய துன்பமென்றால் காரணத்தை நீக்கு, சும்மா தாங்கிக்கொண்டிருப்பது வீரமில்லை, தன்னைத் தானே வதைப்பது என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் வந்தபோது நித்திரையாகிவிட்டீர்களா?

கடிதம் வந்த அன்று காலையில் நான் சின்னம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2004 மார்கழி 26ஆம் திகதி நிலாவெளியில் கடல் அவருடைய மகனைக் கொண்டுபோனது. பள்ளிக்கூடமொன்றில் முகாம். தகரம் கிழித்த காலோடு விடியமுன்னமே எழும்பி முற்றம் கூட்டுவார். உளவளத்துணை என்று வந்த ஒருவர், "இந்தத் துயரம் உங்களுக்குப் பெரிய பலத்தைத் தந்திருக்குது அம்மா" என்றார். (அதைச் சின்னம்மா சொல்லியிருந்தால் சரி. வந்தவர் எப்படிச் சொல்லலாம்? எனக்கு இன்னும் கோபம்தான். நீங்களும் அந்த வேலைக்குத்தான் ஆசைப்படுகிறீர்கள், கவனம்.) சின்னம்மா கூட்டுவதை நிறுத்தவில்லை. "பிள்ளையள் வெறுங்காலோட திரியுதுகள், ஆணியெல்லாம் கிடக்குது" என்றார்.

அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு மருந்து கட்டப் போனார். வரிசை நீளம். இந்த நிலையிலும் காலைப் பற்றி யோசிக்கிறீர்களே என்று கேட்டேன், மடையன் நான். "மகனுக்கு அழுறது வேற, கால் அழுகுறது வேற தம்பி" என்றார்.

அதன்பிறகு கடைசிவரை அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. அர்த்தம் ஏதும் கிடைத்ததா என்று நான் கேட்கவுமில்லை.

அம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போயிருப்பீர்கள். தாய்க்குக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கியதென்று நம்மவர்கள் சொல்லும் ஊற்று. ஏழு கிணற்றிலும் முழுகிவிட்டு வந்து ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா? நாளைக்கே டாக்டரிடம் போங்கள். அம்மாவுக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று எழுதி ஒட்டிய தாள் இன்னும் சுவரில் இருந்தால், கழற்றி எறியவேண்டாம். அதன் பின்பக்கத்தில் உங்கள் மாத்திரையை எழுதுங்கள்.