பட்டாளத்துக்காரரும் வீட்டம்மாவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், வேலூர் பழைய வெள்ளைக்காரங்க கல்லறைத் தோட்டத்துல ஃபேன்கோர்ட்னு ஒரு பேர் பார்த்தேன், 1806ல இறந்தவர்னு தெரியுது. யார் அவரு, அவர் குடும்பம் என்னாச்சு?
– காட்பாடி வாசகர் ஒருத்தர்

பதில்: லெப்டினன்ட் கர்னல் செயின்ட் ஜான் ஃபேன்கோர்ட். 34வது ரெஜிமெண்ட்காரர், 1806ல வேலூர் கோட்டைக்கு கமாண்டர் இவர்தான். ஜூலை 10 வந்தா மக்கான் பக்கம் இருக்கிற நினைவுத்தூணுக்கு மாலை போடுவாங்களே, அந்த சிப்பாய் புரட்சி அன்னிக்கு கோட்டைக்குள்ள சம்சாரம், ரெண்டு சின்னக் குழந்தைங்களோட படுத்துத் தூங்கிட்டிருந்த மனுஷன். புரட்சி ஏன் வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. 1805 நவம்பர்ல வந்த உத்தரவு, நெத்தியில விபூதி நாமம் கூடாது, தாடி எடு, கடுக்கன் கழட்டு, தோல் வச்ச புதுத் தலைப்பாகை போடுன்னு. அது ஒரு பக்கம், கோட்டைக்குள்ளயே காவல்ல வச்சிருந்த திப்புவோட பிள்ளைங்க ஒரு பக்கம். அந்தக் கதைய விட்டுட்டு நீங்க கேட்ட குடும்பத்துக்கு வர்றேன்.

அவர் சம்சாரம் பேரு அமீலியா. அன்னிக்கு ராத்திரி கோட்டைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு உள்ள இருந்து பார்த்து எழுதினது இந்த அம்மாதான், அதுவும் புருஷன் போய் ரெண்டு வாரத்துல உக்காந்து எழுதியிருக்காங்க, எப்படி எழுத முடிஞ்சுதோ. அது அச்சுல வந்தது ரொம்ப வருஷம் கழிச்சு 1842ல, எங்கன்னா ஆஸ்திரேலியாவுல, சிட்னி பேப்பர் ஒண்ணுல! நடுராத்திரி தாண்டி துப்பாக்கி சத்தம் கேட்டு எழுந்திருக்காங்க, கர்னல் என்னன்னு பார்க்க வெளிய போனார், போனவர் குண்டு பட்டு விழுந்துட்டார், அது இந்தம்மாவுக்குத் தெரியாது. குழந்தைங்கள தூக்கிட்டு ஓடி கடைசில கோழி அடைக்கிற இடத்துல போய் ஒளிஞ்சிருக்காங்க. பையன் பசியில அழறான். அவங்களப் பார்த்துட்ட ஒரு சிப்பாய் காட்டிக்கொடுக்கல, ரொட்டி கொண்டுவந்து பையன் கையில கொடுத்திருக்கான். வெள்ளைக்காரங்கள தேடித் தேடி சுட்டுட்டிருந்த நேரம் அது, அன்னிக்கு 69வது வெள்ளைக்கார ரெஜிமெண்ட்ல மட்டும் நூத்துக்கு மேல செத்தாங்க.

அந்தப் பையன் பேரு சார்லஸ், அப்ப ரெண்டு வயசு. பிழைச்சு, இங்கிலாந்து போய், 1832ல பார்ன்ஸ்டேபிள் தொகுதிக்கு எம்பி ஆனான், 1843லேர்ந்து 1851 வரைக்கும் பிரிட்டிஷ் ஹோண்டுராஸ்ல, அதாவது இன்னிக்கு பெலீஸ்னு சொல்ற நாட்டுல, அரசாங்கத்தோட தலைமை அதிகாரி, அப்புறம் யுகடான் பக்கத்து சரித்திரம் ஒண்ணும் எழுதினார், 1875ல இறந்தார். வேலூர் கோட்டைல கோழிக்கூட்டுல உக்காந்து ரொட்டி தின்ன குழந்தை மத்திய அமெரிக்காவுல போய் ஒரு காலனிய ஆண்டிருக்கு. நீங்க கேட்ட கல்லறைல இருக்கிறது அப்பா, அவர் அன்னிக்கே, ஜூலை 10ஆம் தேதியே, போயிட்டார்.

இன்னொண்ணு சொல்லணும். சிப்பாய்ங்கள்ல நிறைய பேர் வழக்கமா கோட்டைக்கு வெளிய குடிசை போட்டு பொண்டாட்டி புள்ளைங்களோடதான் இருந்தாங்க, மறுநாள் விடியக்காலைல பரேடுன்னுதான் அன்னிக்கு ராத்திரி உள்ளயே படுக்கச் சொன்னாங்க, அதுவே புரட்சிக்கு தோதாப் போச்சு. அப்ப அந்தக் குடிசைங்கள்ல இருந்த பொம்பளைங்க? உள்ள துப்பாக்கி வெடிக்குது, காலைல ஆற்காட்டுலேர்ந்து குதிரைப்படை பறந்து வருது, பீரங்கி வச்சு கதவை உடைக்கிறாங்க, அப்புறம் நூறு பேர சுவரோரம் நிக்க வச்சு சுட்டாங்க, மொத்தத்துல 350 பேருக்குக் குறையாம செத்தாங்கன்னு ஒரு கணக்கு, 800ன்னு ஒரு கணக்கு. இருந்த மூணு பட்டாலியனையும் கலைச்சு பேரையே அடிச்சிட்டாங்க, சம்பளம் போச்சு. அமீலியா எழுதின மாதிரி அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பொம்பள எழுதினது ஒரு வரி நமக்கு கிடைக்கல. ரொட்டி கொடுத்த சிப்பாய் பேரே தெரியாதபோது அவன் சம்சாரத்த எங்க தேடுறது. எனக்கு ஃபேன்கோர்ட் கல்லறைய விட இதுதான் மனசுல நிக்குது, நீங்க கேக்கல, ஆனா சொல்லாம இருக்க முடியல.

கேள்வி: புரட்சிய அடக்கின கில்லஸ்பி எங்க ஊர் ஆற்காட்டுல இருந்தவர்னு சொல்றாங்க. அவருக்கு குடும்பம் உண்டா, இல்ல தனிக்கட்டையா?
– ஆற்காடு வாசகர்

பதில்: உண்டு, அதுவும் வீட்டுக்குத் தெரியாம பண்ணிக்கிட்ட கல்யாணம்! ராபர்ட் ரோலோ கில்லஸ்பி, 1766ல அயர்லாந்துல கோம்பர்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தவர். இருபது வயசுல, 1786ல, அன்னபெல் டெய்லர்ங்கிற டப்ளின் பொண்ண ரகசியமா கட்டிக்கிட்டார். அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே ஒரு டூயல்ல, அதாவது ரெண்டு பேர் சவால் விட்டு ஒத்தைக்கு ஒத்தை போடுற சண்டையில, ஒருத்தர சுட்டுக் கொன்னு கேஸாகி, தப்பி ஓடி, பின்ன தானே வந்து நின்னு விடுதலை ஆனார். மேற்கிந்தியத் தீவுகள்ல ராத்திரி வீட்டுக்குள்ள புகுந்த எட்டு பேர ஒத்தை ஆளா கத்தியால எதிர்த்து ஆறு பேர கொன்னார்னு அவர் பத்தி எழுதினவங்க எல்லாரும் சொல்றாங்க. இப்படி ஒரு புருஷன கட்டிக்கிட்டு அந்தம்மா எத்தன ராத்திரி தூங்கியிருப்பாங்கன்னு யாரும் எழுதல, வேலூர் கதைக்கு வந்தா அன்னபெல் பேரே காணோம்.

ஃபேன்கோர்ட்டும் இவரும் பழைய சிநேகிதங்க. 9ஆம் தேதி ராத்திரி வேலூர்ல அவர் வீட்டுல சாப்பிட வர்றதா இருந்து, அலுவலக கடுதாசி ஏதோ வந்ததால நின்னுட்டார்னு சொல்லுவாங்க, வந்திருந்தா கதை வேற மாதிரி ஆயிருக்கும். மறுநாள் காலைல சேதி கிடைச்சதும் 19வது டிராகூன் குதிரைப்படைய எழுப்பிட்டு, அவங்களுக்கும் முன்னாடி இவரே பறந்து வந்தார், ஆற்காட்டுலேர்ந்து 25 கிலோமீட்டர் சொச்சம். கதவு மூடியிருக்கு, மேல மாட்டிக்கிட்டிருந்த வெள்ளைக்கார சோல்ஜருங்க பெல்ட்டெல்லாம் கழட்டி ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு கீழ விட்டு இவர தூக்கினாங்க. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அவர் எமன், கோம்பர் ஊர்க்காரங்களுக்கு ஹீரோ, அங்க நடு சதுக்கத்துல 1845ல கம்பம் நட்டு மேல சிலை வச்சிருக்காங்க. 1814 அக்டோபர் 31ல டேராடூன் பக்கம் கூர்க்கா கோட்டை ஒண்ண தாக்கப்போய் குண்டு பட்டு செத்தார், புதைச்சது மீரட்ல.

கேள்வி: ராணிப்பேட்டைன்னா எந்த ராணி? என் பொண்ணு ஸ்கூல்ல கேட்டாங்களாம்.
– ராணிப்பேட்டை வாசகி

பதில்: செஞ்சி தேசிங்கு ராஜாவோட மனைவி, ராணிபாய்னு சொல்லுவாங்க. 1714ல ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோட மோதி தேசிங்கு செத்தப்ப அவருக்கு இருபத்தி ரெண்டு வயசுதான் இருக்கும், அந்தப் பொண்ணு அதைவிட சின்னது, உடன்கட்டை ஏறிட்டா. ஜெயிச்ச நவாபே அவ நினைவா பாலாத்து அந்தக் கரைல பேட்டை கட்டினார்ங்கிறது வழிவழியா சொல்ற கதை. நம்ம ஊர்ல தேசிங்கு கதை பாடுறவங்க குதிரைக்கும் சிநேகிதன் மோவுத்துக்காரனுக்கும் கொடுக்கிற நேரத்துல கால்வாசி கூட ராணிக்கு கொடுக்க மாட்டாங்க. பாப்பாகிட்ட ஊர் பேர சொல்லுங்க, நெருப்புல இறங்கினத வீரம்னு மட்டும் சொல்லிக் கொடுத்துடாதீங்க.

கேள்வி: எங்க மாமனாரோட அப்பா ரெண்டாவது உலகப் போர்ல பட்டாளத்துல இருந்தவர், சுபேதாரா ரிட்டயர் ஆனார்னு வீட்டுல பேச்சு. ஒரு போட்டோ, ரெண்டு மெடல், அவ்வளவுதான் இருக்கு. பேப்பரெல்லாம் கூரை ஒழுகி போச்சு. ஆயா இப்ப இல்ல. அவங்க ரெண்டு பேர் கதையயும் புள்ளைங்களுக்கு எழுதி வைக்கணும்னு ஆசை, எங்கேருந்து ஆரம்பிக்கிறது சார்?
– கம்மவான்பேட்டையிலேர்ந்து ஒரு மருமகள்

பதில்: உங்க ஊரையே ராணுவப்பேட்டைன்னுதானம்மா கூப்பிடுறாங்க, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளம். அதனால முதல்ல தெருவுல இருக்கிற வயசானவங்கள உக்கார வச்சு கேளுங்க, அவர் எந்த ரெஜிமெண்ட்னு ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கும், "பெங்களூர்ல இருந்தார்"னு சொன்னா மெட்ராஸ் சாப்பர்ஸா, அதாவது ராணுவத்தோட இன்ஜினியர் படையா, இருக்க நிறைய வாய்ப்பு, "வெலிங்டன்"னா மெட்ராஸ் ரெஜிமெண்ட். 1920கள்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் பட்டாலியன்கள கலைக்க ஆரம்பிச்சிட்டாங்க, போர் வந்தப்பதான் திரும்ப எழுப்பினாங்க, அதனால போருக்கு முன்னாடியே சேர்ந்தவர்னா சாப்பர்ஸ் பக்கம் முதல்ல பாருங்க.

அப்புறம் அந்த மெடல். பாலிஷ் போட்டு தேய்ச்சிடாதீங்க, தயவுசெஞ்சு. வெளிச்சத்துல புடிச்சு வட்டமா இருக்கிறதுக்கு விளிம்பையும் நட்சத்திரமா இருக்கிறதுக்கு பின்பக்கத்தையும் பாருங்க, இந்திய ராணுவத்துக்காரங்களுக்கு கொடுத்த உலகப் போர் மெடல்ங்கள்ல ஆள் நம்பர், ரேங்க், பேர், ரெஜிமெண்ட் சுருக்கம் எல்லாம் வெட்டியிருப்பாங்க. வெள்ளைக்கார சோல்ஜருக்கு அதே மெடல் மொட்டையாத்தான் வந்துச்சு, நமக்கு அதுல ஒரு அதிர்ஷ்டம். அந்த நம்பர்தான் சாவி, பேர வச்சு தேடினா முனுசாமி ஆயிரம் பேர் இருப்பாங்க, நம்பர் ஒருத்தருக்குத்தான். நட்சத்திரத்துல பர்மான்னு இருந்தா பர்மா சண்டைக்குப் போனவர், ஆப்பிரிக்கான்னு இருந்தா ஆப்பிரிக்கா சண்டைக்கு. நம்பர் கிடைச்சதும் அந்த ரெஜிமெண்டோட ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்க. நேரா எழுத பயமா இருந்தா வேலூர்ல இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் கேளுங்க, இதுக்குத்தான் இருக்காங்க. டிஸ்சார்ஜ் புக் இல்லாம போனாலும் ஆயா பென்ஷன் வாங்கியிருந்தா பிபிஓ நம்பர், அதாவது பென்ஷன் ஆர்டர் நம்பர், பேங்க் பாஸ்புக்லயோ பழைய ட்ரஷரி சீட்டுலயோ ஒட்டிக்கிட்டிருக்கும், ட்ரங்க் பெட்டி அடியில போட்டிருக்கிற பேப்பரக்கூட எடுத்துப் பாருங்க.

போருக்குப் போய் திரும்பாத உறவு யாராவது உங்க குடும்பத்துல உண்டுன்னா அதுக்கு வேற வழி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல செத்தவங்க பேர் போட்டு தேடலாம், காசு கிடையாது. ரங்கூன் பக்கத்துல தவுக்கியான்ல உடம்பு கிடைக்காம போனவங்க பேர் மட்டும் 27,000 வெட்டியிருக்காங்க, அதுல நம்மாளுங்க ஏகப்பட்ட பேர். நிறைய பதிவுல இன்னார் மகன், இன்னார் புருஷன், இந்த ஊர், வட ஆற்காடுன்னு போட்டிருப்பாங்க, அதாவது நம்ம பக்கத்து ஆயாங்க பேர் சிலது இங்கிலாந்துக்காரங்க வச்சிருக்கிற கணக்குல இருக்கு, நம்ம வீட்டுல இல்ல. இங்கிலீஷ் எழுத்துல ஊர் பேரெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கும், வாயால சொல்லிப் பார்த்து தேடுங்க. ஜில்லா விஷயத்துலயும் ஜாக்கிரதை. 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்கு தலைநகர் சித்தூர், 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சுது, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியா போச்சு, அதனால பழைய பேப்பர்ல வட ஆற்காடுன்னு இருந்தா அது ஆரணியாவும் இருக்கலாம் ஆம்பூராவும் இருக்கலாம்.

ஆயா கதைக்கு ஆபீஸ் கிடையாது. அவங்க கூடப்பிறந்தவங்க, மதினி, பக்கத்து வீட்டு கிழவி யாராவது இருந்தா போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க, "ஆயா எப்படி இருந்தாங்க"ன்னு கேட்டா "தங்கமானவங்க"ன்னு முடிச்சிடுவாங்க. மணியார்டர் யார் பேர்ல வந்துச்சு, லெட்டர் யார் படிச்சுக் காட்டினது, அவர் லீவுல வந்து போனா எந்தப் புள்ள எப்ப பொறந்துச்சு, நிலத்த யார் பார்த்தது, சண்டை வந்தா மாமியார் பக்கம் யார் நின்னதுன்னு கேளுங்க, கொட்டும். புள்ளைங்க பொறந்த தேதிய வரிசையா எழுதினாலே அவர் எப்பெப்ப ஊருக்கு வந்தார்னு தெரிஞ்சிடும், அத ரெக்கார்ட் ஆபீஸ் பேப்பரோட சேர்த்து வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒத்துப்போகும்.

கேள்வி: எங்க அப்பா ஹவில்தார், போன வருஷம் தவறிட்டார். ராணுவ ரெக்கார்ட்ல அம்மா பேர் முனியம்மா, ஆதார்ல மணியம்மாள். ஃபேமிலி பென்ஷன் நிக்குது. என்ன பண்றது?
– குடியாத்தம் வாசகர்

பதில்: நம்ம மாவட்டத்துல பாதி வீட்டுல இந்தப் பிரச்சனை இருக்கு தம்பி, அப்பா சேரும்போது கிளார்க் காதுல விழுந்தத எழுதியிருப்பார். ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு, கூடவே அப்பா பேரும் அம்மா பேரும் சேர்ந்து இருக்கிற ஏதாவது ஒரு பழைய பேப்பர், ரேஷன் கார்டோ வோட்டர் லிஸ்டோ உங்க டிசியோ, இதெல்லாம் எடுத்துக்கிட்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமா ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புங்க. அவசரப்பட்டு ஆதார மாத்திடாதீங்க, அத மாத்தினா பேங்க், பட்டா, கேஸ் புக்னு எல்லாம் மாறணும், எந்தப் பேர் நிறைய பேப்பர்ல இருக்கோ அதுக்குத்தான் மத்தத திருத்தணும். பென்ஷன் இப்ப ஸ்பர்ஷ்ங்கிற ஆன்லைன் சிஸ்டத்துல வருது, அங்கயும் பேர் ஒத்து வரணும். அனுப்புற ஒவ்வொண்ணுக்கும் ஜெராக்ஸ் வச்சுக்குங்க, ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க. அலுவலகத்துக்கு அம்மாவயும் கூட்டிட்டுப் போங்க, பையன் மட்டும் போனா "அம்மா எங்க"ன்னுதான் முதல் கேள்வி வரும்.