தூக்கத்தில் தூக்கிவாரிப் போட்டால் ‘பயந்துட்டான்’ என்று விடாதீர்கள்

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. மூன்று நாளாகக் காய்ச்சல். உள்ளங்கை, பாதம், பிட்டத்தில் கொப்புளங்கள். வாய்ப்புண்ணால் சோறு இறங்கவில்லை. ‘கை, கால், வாய் நோய்’ என்றார் டாக்டர். மாமியார் அம்மை என்று வேப்பிலை வைத்திருக்கிறார். நேற்று இரவு தூக்கத்தில் பல முறை திடுக்கிட்டான். பயந்திருக்கிறான், தர்காவில் ஓதிக்கொண்டு வரலாம் என்கிறார்கள். மூளையையும் இதயத்தையும் தாக்கும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: ஓதுவது பிறகு இருக்கட்டும். இன்றே ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு போங்கள். கொப்புளத்தைவிட அந்தத் திடுக்கிடல்தான் எனக்குக் கவலை தருகிறது.

கண் அயரும்போது ஒரு முறை உடம்பு வெட்டுவது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. கையும் காலும் ஒருசேர உதறி, அரைத் தூக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு. போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் அது வராமலே போகலாம்.

இந்த நோயைப் பெரும்பாலும் காக்ஸாக்கி வைரஸ்கள் தருகின்றன. ஏழு, பத்து நாளில் தானே ஆறிவிடும். என்டிரோவைரஸ் ஏ71 என்ற வகைதான் பொல்லாதது. 1997இல் மலேசியாவின் சரவாக்கிலும் 1998இல் தைவானிலும் குழந்தைகளைப் பலிகொண்டது இதுதான். மூச்சையும் நாடித் துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டை இது தாக்குகிறது. அங்கே கட்டுப்பாடு குலைந்ததும் அட்ரினலின் போன்ற சுரப்புகள் வெள்ளமாகப் பாய்கின்றன. இதயம் தறிகெட்டு ஓடித் தளர்கிறது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. திடுக்கிடலில் தொடங்கி மூச்சுத்திணறலுக்குப் போகச் சில மணி நேரமே ஆகலாம். காக்ஸாக்கி பி வகை நேராக இதயத் தசையையே வீங்க வைக்கும், அது அரிது.

இப்போதே சட்டையைக் கழற்றி, தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இந்த வயதில் 40ஐத் தொட்டால் அது வேகமூச்சு. கை, பாதம் சில்லிட்டு, உடம்பு வேர்த்திருக்கிறதா? நெஞ்சில் விரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். நிற்கவைத்தால் தள்ளாடுவது, ஓயாத வாந்தி, மந்தமாகக் கிடப்பது, காய்ச்சல் தணிந்து தூங்கும்போதும் நாடி 150ஐத் தாண்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் ஆட்டோ தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நோய் எத்தனையாவது நாள், கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்பதைப் போனதும் சொல்லுங்கள். அங்கே டிரிப்ஸை அளந்துதான் ஏற்றுவார்கள். இந்த நிலையில் அதிகத் திரவம் நுரையீரலை மூழ்கடிக்கும். ‘டிரிப்ஸ் போடவில்லை’ என்று சண்டை வேண்டாம். ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு ஊசியைத் தெருமுனையில் போட்டுக்கொள்ளவே கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகனுக்கு 180. பாட்டில் லேபிளைப் படியுங்கள்: 5 மில்லியில் 250 என்றிருந்தால் 3.6 மில்லி, 125 என்றிருந்தால் 7.2 மில்லி. இரண்டையும் குழப்பி இரட்டிப்பாகக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

வாய்ப்புண்ணுக்குக் குளிர்ந்த மோர், இளநீர், தயிர்சாதம் குழைத்தது. ரசமும் ஆரஞ்சு ஜூஸும் எரியும். விழுங்க மறுத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் ஓ.ஆர்.எஸ். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் அதுவும் ஆஸ்பத்திரிக் காரணம்தான்.

வேப்பிலை தலைமாட்டில் இருக்கட்டும், மாமியாருக்கு மனநிம்மதி. ஆனால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்று மருந்தை நிறுத்துவது ஆகாது. இது அம்மையே இல்லை.

வைரஸ் மலத்தில் பல வாரம் வெளியேறும். சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது. கால் கழுவிவிட்ட பிறகு சோப்பும் தண்ணீரும்தான். மலம் பட்ட தரையை, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி (15 கிராம்) பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் நனைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கொப்புளம் காயும்வரை அங்கன்வாடி வேண்டாம். ஒரு மாதம் கழித்து நகம் உரிந்தால் பதறாதீர்கள், புதிதாக முளைக்கும்.