பிரதேச சபை, மாநகர சபை, மாகாண சபை: முன்னாள் சபைச் செயலாளர் ஒருவரின் பதில்கள்

உள்ளூராட்சிச் சேவையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இலங்கையின் வடக்கில் பல சபைகளில் வேலை செய்திருக்கிறேன். அரசியலில் இறங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, எனக்கு 31 வயது. மாகாண சபைக்குப் போக விருப்பம். நேரே அங்கே நிற்கலாமா, பிரதேச சபையில் தொடங்க வேண்டுமா? (கோப்பாய் வாசகர்)

தம்பி, நிற்பதற்குத் தேர்தல் வேண்டுமே. வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே ஒரு தடவை, 2013 செப்டெம்பர் 21இல். அந்தச் சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு முந்தைய வருடம் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று அன்றைக்கு நின்றதுதான்.

ஆகவே பிரதேச சபையில் தொடங்குங்கள். வேறு வழியில்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, வேலை பழகுகிற இடமே அதுதான். ஒரு மார்கழி மழையில், வெள்ளம் ஏறிய ஒழுங்கைக்குள் முதல் தடவை உறுப்பினரான ஒரு அம்மா வந்து நின்றார். முழங்கால் வரை தண்ணீர். ஊழியர் மதகின் மூடியைக் கிளப்பியதும் உள்ளே ஒரு பழைய மெத்தையும் தென்னை மட்டைகளும் இறுகிக் கிடந்தன. இழுத்து எடுத்து அரை மணித்தியாலத்தில் தண்ணீர் வடிந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் அந்த ஒழுங்கைக்குக் குப்பை வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்று கேட்டார். நிதி கேட்கவில்லை. இவர் நிலைப்பார் என்று அன்றே எனக்குத் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை: எந்த வீதி யாருடையது என்று தெரியாமல் வாக்குறுதி கொடுக்காதீர்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாணத்துக்கு. மற்றவைதான் பெரும்பாலும் சபைக்கு.

மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறார்களா? (மட்டக்களப்பு)

இல்லை. ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் இருந்தால் அந்தக் கட்சி பெயரைக் கொடுக்கும். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். சமமாக வந்தால் திருவுளச் சீட்டு.

எங்கள் ஊர்ப் பிரதான வீதி குண்டும் குழியுமாக இருக்கிறது. தவிசாளரைக் கேட்டால் தட்டிக் கழிக்கிறார். (சாவகச்சேரி ஆசிரியை)

அது பி வகை வீதியாக இருந்தால் அவர் தட்டிக் கழிக்கவில்லை, தங்கச்சி. மேலே சொன்னதைப் பாருங்கள்.

மாகாண சபை உறுப்பினர் பதவியை விட்டு மாநகர சபைக்கு வருவது இறக்கம்தானே? (நல்லூர்)

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இம்மானுவேல் ஆர்னோல்ட் வடக்கு மாகாண சபை உறுப்பினராக இருந்தவர். 2018இல் யாழ் மாநகர முதல்வரானார், அதாவது மேயர். முதல்வர் கையெழுத்துப் போட்டால் மறுநாள் வேலை நடக்கும். மாகாண சபையில் நியதிச் சட்டம் நிறைவேறினாலும் ஆளுநரின் இணக்கம் வேண்டும், அவரை நியமிப்பது ஜனாதிபதி. முதலமைச்சர் நிதியத்துக்கான நியதிச் சட்டம் அந்த இணக்கம் கிடைக்காமல் அங்கே இழுபட்டது.

(அதே நல்லூர் வாசகர்) வடக்கின் முதலமைச்சராக இருந்த விக்னேஸ்வரன் ஐயா உள்ளூராட்சிப் பக்கமே வராமல் 2013 மாகாண சபைத் தேர்தலில் 1,32,255 விருப்பு வாக்கு எடுத்தாரே?

எடுத்தார், மறுக்கவில்லை. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர் என்ற மதிப்புக்கு வந்த வாக்கு அது. உங்களுக்கும் எனக்கும் அந்த வழி கிடையாது. அதே சபையின் அவைத்தலைவர் சீ.வீ.கே. சிவஞானம் முன்பு யாழ் மாநகர ஆணையாளராக இருந்தவர். கூட்டம் நடத்துவதில் அந்தப் பழக்கம் கைகொடுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

(வவுனியாவிலிருந்து இன்னொருவர்) மாநகர சபையில் மட்டும் என்ன நிலைப்பு? ஆர்னோல்டே பதவியை இழந்தாரே.

இது நல்ல கேள்வி. 45 பேர் கொண்ட சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. பாதீடு இரண்டாம் முறையும் தோற்றதால் பதவி போனது. 2020 டிசெம்பர் 30இல் அதே சபை உறுப்பினர் மணிவண்ணன் 21க்கு 20 என்று ஒரே வாக்கால் முதல்வரானார். 2023 தொடக்கத்தில் திரும்பவும் ஆர்னோல்ட். பாதீட்டுக் கூட்டத்துக்கு முதல் நாள் வரை மற்றக் கட்சி உறுப்பினரின் வட்டாரத்துக்கு என்ன ஒதுக்கினோம் என்று பார்க்காத முதல்வர் எவரும் நிம்மதியாக இருக்க முடியாது. கட்சித் தலைமை கொழும்பில் பேசி முடித்தாலும் கை உயர்த்துவது இந்த மேசையில்தான். இதைப் படித்தவர் மாகாணத்துக்குப் போனாலும் தடுமாற மாட்டார்.

வட்டாரத்தில் நிற்பதா, பட்டியலில் வருவதா?

இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. உள்ளூராட்சி சபை ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்தில் வென்றவர்களுக்கு, 40 வீதம் கட்சிப் பட்டியலுக்கு. பட்டியலில் யார் உள்ளே வருவது என்பது கட்சியின் கையில். வட்டாரத்தில் நில்லுங்கள். இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

உறுப்பினருக்குக் கொடுப்பனவு எவ்வளவு?

உங்கள் சபைச் செயலாளரிடம் கேளுங்கள். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

என் மகள் நிற்கப் போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. (யாழ்ப்பாணம், ஒரு தாய்)

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. இந்த ஊரில் மேயர் கதிரை இரத்தம் கண்ட கதிரை. அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1998இல் சரோஜினி யோகேஸ்வரன் மே மாதம், அவருக்குப் பின் வந்த சிவபாலன் செப்டெம்பரில். அந்த நாட்களில் கூட்டக் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனவர்களில் நானும் ஒருவன். இன்று அந்த நிலை இல்லை. சபை உறுப்பினர்களில் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் இருப்பதால் வேட்புமனுப் பட்டியலில் பெயருக்கு மட்டும் சேர்க்கப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மகளிடம் ஒன்று சொல்லுங்கள். மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னர், எந்த வட்டாரம், பிரசாரத்துக்கு யார் கூட வருவார்கள் என்று கட்சிக்காரரிடம் நேரில் கேட்கட்டும். அப்புறம் அந்த வட்டாரத்தின் வீதிப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, எது சபைக்குரியது என்று அடையாளம் வைக்கட்டும். கொப்பியோடு என்னிடம் வந்தால் ஒவ்வொன்றாக இருந்து பார்த்துத் தருகிறேன்.