கை நடுங்குகிறது, சிஸ்டர்!

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர் மாணவ மாணவிகளின் கேள்விகளுக்குப் பல ஆண்டு அனுபவமுள்ள செவிலியர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவமனையில் எழுதிவைத்த நடைமுறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு படியையும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பதில்கள் உதவும்.

கேள்வி: பி.பி. பார்க்கும்போது எனக்குச் சத்தமே கேட்பதில்லை. காலையில் எழுதியிருக்கும் எண்ணை ஒட்டி ஏதாவது எழுதிவிடலாமா என்று தோன்றுகிறது. (முதலாண்டு மாணவி)

எழுதவே எழுதாதீர்கள். "எனக்குக் கேட்கவில்லை சிஸ்டர், நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. கேட்காத எண்ணை எழுதினால், அதை நம்பி ஒருவர் மருந்தைக் கூட்டுவார் அல்லது நிறுத்துவார்.

சத்தம் கேட்காததற்குப் பெரும்பாலும் உங்கள் காது காரணமாக இருக்காது. ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகள் மூக்கு இருக்கும் திசையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் முனை செவித்துளையின் சுவரில் முட்டி அடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கத் தலைப்பகுதி என்றால், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் மெல்லத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க இருக்கும்போது, முழங்கை மடிப்பில் சுண்டுவிரல் பக்கமாகத் தமனி துடிப்பதை விரலால் உணரலாம். ஸ்டெதாஸ்கோப்பை அங்கேதான் வைக்க வேண்டும். கையில் சுற்றும் பி.பி. பட்டையின் கீழ்விளிம்பு மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே நிற்கட்டும்.

முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடியுங்கள். எந்த எண்ணில் துடிப்பு மறைகிறதோ அதை மனதில் வைத்துக்கொண்டு காற்றை முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு அந்த எண்ணுக்கு 30 மேலே ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். முதல் சத்தம் மேல் அளவு. சத்தம் முழுதும் மறையும் இடம் கீழ் அளவு. நாடி பார்க்கும் படியை நேரமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் அதிகமுள்ள சிலருக்குச் சத்தம் நடுவில் மறைந்து, கீழே வந்து மறுபடி கேட்கும். போதிய அளவு ஏற்றாதவர் இரண்டாவதாக வரும் சத்தத்தையே முதல் சத்தம் என்று நினைத்து, 180 இருப்பவருக்கு 140 என்று எழுதிவிடுவார்.

பட்டையின் உள்ளே இருக்கும் காற்றுப்பை, கையின் சுற்றளவில் 40 சதவீத அகலமும் 80 சதவீத நீளமும் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். நோயாளி 5 நிமிடம் ஓய்வாக, முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல் உட்கார்ந்திருக்கட்டும். கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்கட்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) வைத்த கையிலும், மார்பக அறுவைசிகிச்சையில் நிணநீர் முடிச்சு எடுத்த பக்கத்துக் கையிலும் பார்க்கக் கூடாது.

கேள்வி: கேனுலா (டிரிப் ஏற்ற ரத்தக்குழாய்க்குள் விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) போடும்போது ரத்தம் வருகிறது, ஆனால் உள்ளே தள்ளினால் வீங்கிவிடுகிறது. மூன்று முறையும் இப்படியே ஆனது. எனக்கு இது வராதா? (இரண்டாம் ஆண்டு மாணவர்)

வரும். ரத்தம் தெரிகிறது என்றால் ரத்தக்குழாயைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அடுத்த இரண்டு விநாடியில்தான் தவறுகிறது. கேனுலாவின் ஊசிமுனை, அதன் மேல் உள்ள பிளாஸ்டிக் குழாயைவிடச் சற்றே நீண்டிருக்கும். ஊசிமுனை உள்ளே போனவுடன் ரத்தம் தெரிந்துவிடும், பிளாஸ்டிக் முனையோ இன்னும் சுவருக்கு வெளியே நிற்கும். அந்த நேரத்தில் தள்ளினால் பிளாஸ்டிக் உள்ளே போகாமல் சுவரில் முட்டி மடங்கும். ரத்தம் கசிந்து வீங்கும். ஆகவே ரத்தம் தெரிந்ததும் ஒரு கணம் நிறுத்துங்கள். ஊசியின் சாய்வைத் தோலோடு ஒட்டும் அளவுக்குத் தாழ்த்தி, ஊசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தபடியே இன்னும் 2 முதல் 3 மி.மீ. முன்னே போங்கள். அதன் பிறகு ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கை மட்டும் வழுக்கி உள்ளே விடுங்கள். சாய்வைத் தாழ்த்தாமல் முன்னே போனால் பின்சுவர் துளைபடும், அப்போதும் வீங்கத்தான் செய்யும்.

குத்துவதற்கு முன் செய்யும் வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். டூர்னிக்கேவை (கையை இறுக்கிக் கட்டும் பட்டை) குத்தும் இடத்துக்கு 7 முதல் 10 செ.மீ. மேலே கட்டுங்கள், கட்டிய பிறகும் மணிக்கட்டு நாடி தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குழாயைவிட, விரலால் அழுத்தினால் துள்ளி எழும் குழாய் மேலானது. கிடைக்கவில்லையா? கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுங்கள், வெதுவெதுப்பான துணியைச் சுற்றுங்கள். மூட்டு மடியும் இடத்தைத் தவிர்த்து, கீழிருந்து மேலாகத் தேடுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கொண்டு 30 விநாடி துடைத்து, தானாகக் காயவிடுங்கள். ஊதக் கூடாது, துடைத்த இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. குத்தும் இடத்துக்குக் கீழே மற்றக் கையின் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடியுங்கள். குழாய் வழுக்கி ஓடுகிறது என்று புதியவர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டைவிரல் தளர்ந்ததால் வருவது. ஊசியின் வெட்டுவாய் மேலே பார்க்க, 10 முதல் 30 டிகிரி சாய்வில் குத்துங்கள்.

பிளாஸ்டிக் உள்ளே போனதும் முதலில் டூர்னிக்கே; அதை அவிழ்த்த பிறகுதான் ஊசியை உருவ வேண்டும். வரிசையை மாற்றினால் படுக்கையெல்லாம் ரத்தம். பாதி உருவிய ஊசியை மறுபடி உள்ளே குத்தவே கூடாது. பிளாஸ்டிக் முனை வெட்டுப்பட்டு ரத்த ஓட்டத்தோடு போய்விடக்கூடும்.

நிறங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். எண் கூடக் கூடக் குழாய் மெலியும். முதியவர்களின் தளர்ந்த குழாய்க்கு 22 அல்லது 24 எடுத்து, டூர்னிக்கேவை இலேசாகக் கட்டுங்கள். இறுக்கினால் குத்தியவுடன் வெடித்துக் கசியும்.

இன்னொன்று. வார்டில் எல்லோரும் "நரம்பு கிடைக்கவில்லை" என்போம். ஆனால் நாம் தேடுவது சிரையை, அதாவது ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாயை. உண்மையான நரம்பில் ஊசி பட்டால் விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுக்கும். நோயாளி அப்படிச் சொன்னால் உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். மூன்றாவது முயற்சியில் வலி நோயாளிக்குத்தான்.

கேள்வி: டிரிப் கணக்கும் மருந்துக் கணக்கும் தேர்வில் போட்டுவிடுகிறேன். வார்டில் குழம்பிவிடுகிறது.

தேர்வில் எண்களைக் கொடுத்துவிடுவார்கள். வார்டில் நீங்களே உறையைப் படித்து எடுக்க வேண்டும். ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பது டிரிப் செட்டின் (பாட்டிலிலிருந்து கைக்கு வரும் குழாய்) உறையிலேயே அச்சிட்டிருக்கும்: 20, 15, மைக்ரோ செட்டில் 60. 500 மி.லி. 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட் 20 என்றால்: 500 × 20 = 10,000. 4 மணி நேரம் 240 நிமிடம். வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. அதே டிரிப்பை 15 சொட்டு செட்டில் போட்டால் 31தான். மணியை நிமிடமாக்க மறப்பதும், உறையைப் பார்க்காமலே 20 என்று வைத்துக்கொள்வதும்தான் அடிக்கடி நடக்கும் பிழைகள். சொட்டை எண்ணி வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும். பாட்டிலில் ஒரு பட்டை ஒட்டி, மணிக்கு 125 மி.லி. வீதம் கோடு போட்டு நேரம் எழுதிவையுங்கள்.

மருந்துக்கு: வேண்டிய அளவை, கையில் உள்ள அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்குங்கள். 10 மி.லி.யில் 1 கிராம் இருக்கிறது, வேண்டியது 750 மி.கி. என்றால் 7.5 மி.லி. ஒரே வேளைக்கு நான்கைந்து ஆம்பூல் (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) உடைக்க வேண்டும் என்று விடை வந்தால் நிறுத்துங்கள். புள்ளி இடம் மாறியிருக்கலாம். எழுதும்போது 0.5 என்று பூஜ்யம் போட்டே எழுதுங்கள். 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். 'யூனிட்' என்பதையும் முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.

இரண்டு மருந்துகளில் மட்டும் எவ்வளவு அவசரமானாலும் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒன்று இன்சுலின். மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்தியில் வயல் (ரப்பர் மூடியுள்ள மருந்துக் குப்பி) உண்டு, சிரிஞ்சும் அப்படியே. 100 வயலிலிருந்து 40 சிரிஞ்சில் '20' கோடு வரை எடுத்தால் உள்ளே இருப்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு! இன்னொன்று பொட்டாசியம் குளோரைடு. அதை ஒருபோதும் நேரடியாகச் சிரைக்குள் செலுத்தக் கூடாது, இதயம் நின்றுவிடும். டிரிப்பில் கலந்தால் பாட்டிலைப் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள். கலக்காவிட்டால் கனமான கரைசல் அடியில் தங்கி, முதலில் அதுவே மொத்தமாக இறங்கும்.

கேள்வி: ஒருவருக்கு உரிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை.

இன்றே சொல்லிவிடுங்கள். பொறுப்புச் செவிலியரிடம் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருக்கு என்று நான்கு தகவலையும் சொல்லுங்கள். மருத்துவர் அந்த நோயாளியின் மற்ற மருந்துகளையும் ஒவ்வாமையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சில மருந்துகளின் விளைவு பல மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால், "ஒன்றும் ஆகவில்லை" என்று நாமாக முடிவுகட்ட முடியாது. உரிய நோயாளிக்கு மருந்து போகவில்லை என்பதும் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் நடந்ததை மட்டும் நேரத்தோடு எழுதுங்கள். காரணமும் வருத்தமும் அங்கே வேண்டாம். ஏட்டில் பிழை திருத்தும்போது ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திடுங்கள். மை பூசி மறைக்காதீர்கள்.

இந்தத் தவறு பெரும்பாலும் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால், காது கேளாதவரும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் "ஆமாம்" என்று தலையாட்டுவார்கள். "உங்கள் முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிடுங்கள். படுக்கை எண் அடையாளம் ஆகாது. இரவில் படுக்கை மாறியிருக்கும். இரண்டு பேருடைய மருந்தை ஒரே தட்டில் எடுத்துப்போகும் பழக்கத்தையும் விடுங்கள்.

நீங்கள் தூங்காமல் தவிப்பது, இந்த வேலைக்குத் தேவையான மனசாட்சி உங்களிடம் இருப்பதைத்தான் காட்டுகிறது.

கேள்வி: ஊசி குத்திக்கொண்டால்?

பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த நோயாளியின் பெயரைக் குறித்துக்கொண்டு உடனே, டியூட்டி முடியும்வரை காத்திராமல், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் வார்டுக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசித் தவணைக்கு ஒன்று, இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்தவுடன் மாற்றிவிடுங்கள். நிறைந்த பெட்டிக்குள் திணிக்கும்போதும் குத்திக்கொள்ளலாம்.

கேள்வி: நடு இரவில் மருத்துவருக்கு போன் செய்ய பயமாக இருக்கிறது. என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

போனை எடுப்பதற்கு முன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாடி, பி.பி., மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், காய்ச்சல், நினைவு நிலை ஆறையும் புதிதாகப் பாருங்கள். பிறகு இந்த வரிசையில் பேசுங்கள்: நான் யார், எந்த வார்டு, நோயாளி யார், இப்போது என்ன பிரச்சினை, எதற்காகச் சேர்ந்தவர், என்ன சிகிச்சை நடக்கிறது, இப்போதைய அளவுகள், உங்களிடம் என்ன கேட்கிறேன். கடைசி வரியைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். "நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்மொழியாக மருந்து சொன்னால் எழுதி, அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். மாணவராக இருக்கும்வரை, பொறுப்புச் செவிலியர் பக்கத்தில் இல்லாமல் வாய்மொழி உத்தரவு வாங்காதீர்கள்.

மூச்சு எண்ணிக்கையை 20 என்று குத்துமதிப்பாக எழுதும் பழக்கம் எங்கும் இருக்கிறது. நிலைமை மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் அந்த எண்தான். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் தியேட்டரில் மயங்கி விழுந்துவிடுவேனோ?

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காமல் கால்விரல்களை அசைத்துக்கொண்டிருங்கள். வியர்த்து, காது அடைத்து, பார்வை மங்கினால் மேசையை விட்டுப் பின்னால் நகர்ந்து, சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: பாக்கெட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

விநாடி முள் உள்ள கடிகாரம், பேனா இரண்டு, சிறு டார்ச், மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், சிறு குறிப்பேடு. குறிப்பேட்டில் நோயாளியின் பெயரோ நோயோ வெளியே போகக் கூடாது. டியூட்டி முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, வார்டிலேயே அழித்துவிட்டு வாருங்கள்.