தொடக்கக் காலத்தில் ஒரு பெரிய இசைக்கலைஞரை நிராகரித்துவிட்டுப் பின்னர் கேலிக்கு ஆளானவர் யார்?

பலரும் சொல்லப்போகும் பெயர் டிக் ரோ. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் அதிகாரி என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. கேள்வியின் விளக்கத்தில், இப்படி நிராகரித்தவர்களைத் தாங்கள் 'ஞானசூன்யங்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், தங்களையோ தங்கள் வீட்டுப் பிள்ளையையோ அண்மையில் ஏதோ ஒரு குரல் தேர்வில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால், திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடகர்களைத் தேர்வு செய்யும் வேலையையும் பார்த்தவன் என்ற முறையில், ரோவின் பக்கத்தையும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

1962 ஜனவரி 1 அன்று லண்டனின் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிலிருந்த டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில், முந்தைய நாள் முழுவதும் பனியில் வேனில் பயணம் செய்து வந்த நான்கு இளைஞர்கள் 15 பாடல்களைப் பாடினார்கள். அவற்றுள் குழுவினரான லென்னனும் மெக்கார்ட்னியும் எழுதியவை 3 மட்டுமே. மற்றவை பிறர் பாடிப் பழகிய பாடல்கள். தங்கள் சொந்த ஆம்பிளிஃபயர்களை விட்டுவிட்டு, கூடத்தில் இருந்தவற்றையே அவர்கள் பயன்படுத்த வேண்டியிருந்தது. டிரம்ஸ் வாசித்தவர் பின்னாளில் குழுவில் புகழ்பெற்ற ரிங்கோ அல்லர், பீட் பெஸ்ட். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பெயரைச் சொல்லாமல் போட்டுக் காட்டினால் எத்தனை பேர் துள்ளி எழுவார்கள் என்று எனக்கு ஐயமே. அதே நாளில் பிரையன் பூலும் டிரெமலோஸ் குழுவினரும் அங்கே பாடினார்கள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி ரோ சொல்ல, அவருக்குக் கீழே பணியாற்றிய மைக் ஸ்மித் லண்டனுக்கு அருகிலேயே இருந்த டிரெமலோஸைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் குழு 1963இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது என்பதைக் கேலி செய்பவர்கள் சொல்வதே இல்லை. கிட்டார் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று ரோ சொன்னதாக பீட்டில்ஸின் மேலாளர் எப்ஸ்டைன் எழுதினார்; ரோ அதை மறுத்தார். சில மாதங்கள் கழித்து பீட்டில்ஸுக்கு வாய்ப்பளித்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கும் 1962 ஜூன் மாதத்தில் பீட் பெஸ்டின் டிரம்ஸ் திருப்தியளிக்கவில்லை. ஆகஸ்டில் ரிங்கோ வந்தார். அதன் பிறகு உருவான குழுவைத்தான் நாம் பீட்டில்ஸ் என்று கொண்டாடுகிறோம்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. இன்று திரைப்படங்களில் பாடிவரும் ஒருவர் (பெயர் வேண்டாம்) முன்பு எங்கள் குழுவுக்குக் குரல் தேர்வுக்கு வந்தார். குரல் அருமையான குரல். அதில் எங்களுக்கு எந்த ஐயமும் இருக்கவில்லை. ஆனால் கரோக்கி டிராக்கை வைத்து வீட்டில் பாடிப் பழகியிருந்ததால், ஆட்கள் வாசிக்கும்போது இடையிசை முடிந்து இரண்டாவது சரணத்தை எடுக்க வேண்டிய இடம் அவருக்குப் பிடிபடவில்லை. பெண் குரலுக்காகச் சுருதியை மாற்றினால் தடுமாறினார். கல்யாண வரவேற்புக் கச்சேரியில் ஒத்திகை கிடையாது. மாப்பிள்ளையின் மாமா சீட்டில் எழுதி அனுப்பும் பாட்டை அடுத்த நிமிடமே பாடியாக வேண்டும். ஆகவே, "குரல் நன்றாக இருக்கிறது தம்பி, கொஞ்ச காலம் ஆட்களோடு பாடிப் பழகிவிட்டு மறுபடியும் வாருங்கள்" என்று நானே அவரிடம் சொன்னேன். அவருக்குப் பதிலாக நாங்கள் எடுத்துக்கொண்டவர் சாதாரணக் குரலை வைத்துக்கொண்டே எந்த மேடையையும் சமாளிக்கக்கூடியவர், இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார்.

திரையில் பெயர் வாங்கிய பிறகு அந்தத் தம்பி ஒரு யூடியூப் பேட்டியில், "உனக்குப் பாடவே வராது என்று சொல்லி விரட்டினார்கள்" என்றார். அப்படி ஒரு சொல் அந்த அறையில் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. 'அவருடைய வளர்ச்சியை நீ முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டாமா' என்று இங்கே சிலர் கேட்கக்கூடும். வரும் சனிக்கிழமைக் கச்சேரிக்கு ஆள் தேடுபவனிடம் பத்து ஆண்டுகளுக்குப் பிந்தைய கணக்கைக் கேட்பது என்ன நியாயம்? இன்று அதே பாட்டை அதே விதமாக ஒருவர் பாடினாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

எம்.எஸ்.விஸ்வநாதன், இளைஞராக வந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்திடம் தமிழ் உச்சரிப்பைச் சீர்படுத்திக்கொண்டு வரும்படி சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி. எஸ்.பி.பி. அதை எங்கும் மனக்குறையாகச் சொல்லித் திரிந்ததில்லை. பேட்டி எடுப்பவர்களுக்கோ விரட்டியடித்த கதைதான் வேண்டும்; அந்த யூடியூப் பேட்டியாளர் எங்கள் குழுவில் ஒருவரையாவது அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டிக் ரோவைப் பற்றி இன்னொன்று. 1963இல் லிவர்பூலில் நடந்த ஒரு பாட்டுப் போட்டிக்கு அவரும் பீட்டில்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனும் நடுவர்களாக வந்திருந்தார்கள். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழுவைப் போய்ப் பாருங்கள் என்று ஹாரிசன் சொன்னார். ரோ போய்க் கேட்டுவிட்டு, காலம் கடத்தாமல் அவர்களை டெக்காவில் சேர்த்துக்கொண்டார்.