ரிப்போர்ட் சரி என்றால் அது ஹார்மோன் பரு இல்லையா?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வயது 32, மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு தாடையோரத்தில் வலிக்கிற பரு கிளம்புகிறது. ஹார்மோன் பரிசோதனை எல்லாம் சரி. அத்தை உடம்புச் சூடு என்கிறார். எதை நம்புவது?

பாளையங்கோட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன், மருத்துவர் அல்ல. ஆனால் இந்தக் குழப்பத்தோடு வராத நாளில்லை.

ரிப்போர்ட் சரியாக இருந்தும் பரு ஹார்மோனால் வரலாம். இப்படிப் பரு வரும் பெண்கள் பலருக்கும் ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் (பெண்களிடமும் கொஞ்சம் இருக்கிற ஆண் ஹார்மோன்) இயல்பான அளவில்தான் இருக்கும். அந்த அளவுக்கே அவர்களுடைய எண்ணெய்ச் சுரப்பிகள் மிகையாகச் சுரக்கின்றன. ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோன் இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறுவது தோலுக்குள்ளேயே நடக்கிறது. கையில் எடுத்த ரத்தத்தில் அது பிடிபடாது. மாதவிடாய் நெருங்கி, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. உங்கள் தாடையும் அந்த ஒரு வாரமும் சொல்வது இதைத்தான். சூடுதான் காரணம் என்றால் சித்திரை வெயிலில் நெல்லை ஈரடுக்கு மேம்பாலத்தில் போகிற அத்தனை பேருக்கும் வரவேண்டுமே!

மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தாலோ, மோவாயில் முடி முளைத்தாலோ, உச்சந்தலையில் முடி மெலிந்தாலோ பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த ஹார்மோன் பரிசோதனை என்றால் அந்த எண்களை நம்பவேண்டாம்.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. பெயர் தேய்ந்துபோன, கடைசிச் சொட்டுவரை சுருட்டிப் பிதுக்கிய ட்யூபை நீட்டி, "அக்கா, இதே கிரீம் கொடுங்கள், மதினி கொடுத்தது" என்பார்கள். பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு. பூசிய சில நாட்களில் முகம் வெளுத்துப் பளபளக்கும், பருவும் அமுங்கும். நிறுத்தினால் முன்னைவிட மூர்க்கமாக வரும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும், முகத்தில் முடி வளரும். நான் கொடுப்பதில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மருத்துவர் பெரும்பாலும் அடாபலீன் என்ற பூச்சு மருந்தில் தொடங்குவார். இரவில் ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லிசாகப் பூசவேண்டும், பருவின்மேல் மட்டும் வைப்பதல்ல. ஆரம்பத்தில் தோல் உரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பென்சாயில் பெராக்சைடு என்ற இன்னொரு பூச்சு மருந்தைக் கொடுத்தால் நல்ல தலையணை உறையை எடுத்து வைத்துவிடுங்கள், சாயத்தை வெளுத்துவிடும். அடங்காத பருவுக்கு ஸ்பைரோனோலாக்டோன் எழுதுவார்கள். "என் மனைவிக்கு எதற்கு பிரஷர் மாத்திரை?" என்று கணவன்மார் சீட்டோடு சண்டைக்கு வருவதுண்டு. அது பிரஷர் மாத்திரையேதான். ஆண்ட்ரோஜன் தோலில் வேலை செய்வதையும் தடுக்கும்.

குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பைரோனோலாக்டோனும் அடாபலீனும் அப்போது வேண்டாம். கடும் பருவுக்கு விழுங்கக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் கருவுக்குப் பெருங்கேடு. அசெலாயிக் அமிலப் பூச்சு போல வேறு வழி இருக்கிறது.

இங்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு. ரிப்போர்ட்டோடு மாதவிடாய்த் தேதிகளையும் எழுதிக்கொண்டு போங்கள். இதுவரை பூசிய ட்யூப்களையும் வெட்கப்படாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.